வெட்டாத சட்டை

எங்கள் தெருவில் பெரிய மீசை வைத்திருந்தவர்கள் அவர் எதிரே வந்தால் கையால் மீசையை மூடிக்கொள்வார்கள். விளையாட்டுக்குத்தான். ஆனால் அவர் பார்வை அப்படிப்பட்டது. எதைக் கண்டாலும் அதில் மிஞ்சி நிற்பது எவ்வளவு என்பதுதான் முதலில் அவர் கண்ணில் படும். உடனே வலது கையின் இரண்டு விரல்கள் காற்றில் திறந்து மூடும். "இங்க கொஞ்சம் எடுத்துட்டா நல்லாயிடும்" என்பார். முருங்கைக் கிளையானாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரரின் தொந்தியானாலும் சரி, அதே பேச்சுதான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கம் நீண்டுவிட்டால், கோயில் வாசலில் என் அப்பாவை நிறுத்தி, நரகத்தைப் பற்றிச் சொன்ன இடத்தில் நாலு விரற்கடை எடுத்திருந்தால் எடுப்பாக இருந்திருக்கும் என்று சொல்வார். சாமியார் காதில் விழுந்துவிடப் போகிறதே என்று அப்பா அவரை இழுத்துக்கொண்டு நடப்பார்.

அவர் தையல்காரர். தெருவுக்கெல்லாம் மேஸ்திரி. எனக்கு மாமா. என் அம்மாவை அக்கா என்று கூப்பிட்டதால் ஏற்பட்ட உறவு அது. புதுச்சேரியை இரண்டாகப் பிரித்த வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வெள்ளைக்காரத் துரைமார்களும், சைகோனில் பிரெஞ்சு சர்க்கார் வேலை பார்த்து லீவில் வந்து வெள்ளை டிரில் சூட்டில் உலாவ ஆசைப்படுகிறவர்களும் அங்கேதான் வருவார்கள். தைப்பதை அவர் ஒரு வேலையாகவே மதித்ததில்லை. இயந்திரம் மிதிக்க மச்சினன் இருந்தான், அவர் மனைவியின் தம்பி. துணியை மேசையில் விரித்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, அந்தப் பெரிய சீமைக் கத்திரியை எடுத்து வெட்டுவதுதான் அவருக்குத் தொழில். அந்தக் கத்திரியை வேறு யாரும் தொடக் கூடாது. ஒரு தடவை மச்சினன் ஏதோ பொட்டலத்தின் சணலை அதால் அறுத்துவிட்டான். கிறிஸ்துமஸ் வந்து எல்லோரும் சமாதானம் சொல்லிக்கொள்ளும் வரைக்கும் மாமா அவனோடு பேசவில்லை.

அப்படிப்பட்ட மனிதர் கத்திரியைக் கையால் தொடாமல் இருந்த மாதங்கள் சில உண்டு. அவரை எனக்கு நன்றாகத் தெரிய வந்தது அப்போதுதான்.

அந்த மாதங்களில் அவரைப் பார்த்தவர்கள் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனார்கள். தலைமுடி காதை மறைத்தது. தாடி நெஞ்சைத் தொட்டது. ஊருக்கெல்லாம் அதிகமானதை எடுத்துவிடச் சொன்னவர், தன் முகத்தில் வளர்ந்ததை அப்படியே விட்டுவிட்டார். கடையில் மச்சினன் வெட்டினான். அவன் வெட்டிய கோட்டுகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, பாவம், அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். வாய்க்காலைத் தாண்டி வந்துகொண்டிருந்த கால்கள் ஒவ்வொன்றாக நின்றன. மாமா இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, மச்சினன் கோணலாக வெட்டித் தந்ததைக் கோணல் தெரியாமல் தைக்கப் பார்த்தார்.

காரணம் தெருவுக்கே தெரியும். அத்தை, அதாவது அவர் மனைவி, முழுகாமல் இருந்தார்.

அதற்கு முன் இரண்டு குழந்தைகள். ஒன்று பிறந்த அன்றே போனது. அடுத்தது ஞானஸ்நானம் பெறும்வரை இருந்தது. அதை அடக்கம் செய்து வந்த அன்று, துக்கத்துக்கு வந்த பெண்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசியதை நானும் கேட்டேன். மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது புருஷன் தலைமுடிகூட வெட்டிக்கொள்ளக் கூடாது, எந்த ஜாதியானாலும் எந்த வேதமானாலும் அதுதான் வழக்கம், இவரோ விடிந்தது முதல் பொழுது சாயும் வரை வெட்டிக்கொண்டே இருக்கிறார், அப்புறம் எப்படிக் குழந்தை தங்கும் என்று பேசினார்கள். அத்தை சுவரோரம் படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்து மாமாவைப் பார்த்துச் சொன்னார்: "உங்க கத்திரிதான் என் புள்ளைங்கள எடுத்துக்கிச்சு."

சாமியார் பிறகு இதைக் கேள்விப்பட்டு, இதெல்லாம் அஞ்ஞானம் என்று இருவரையும் கண்டித்தார். அத்தை தலையாட்டிக்கொண்டார். அந்த வார்த்தையைத் திரும்பச் சொல்லவும் இல்லை, திரும்பப் பெற்றுக்கொள்ளவும் இல்லை. அது அந்த வீட்டில் அப்படியே கிடந்தது.

எனக்கு அப்போது கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். கன்னியர் மடத்துப் பள்ளியில் மசேர்கள் என்று நாங்கள் கூப்பிட்ட பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் கற்றுக்கொடுத்த கைவேலைதான் என் பெருமை. இரண்டு ஊசியில் கம்பளி நூல் பின்னும் திரிக்கோவும், ஒற்றைக் கொக்கி ஊசியில் பின்னும் குரோஷேயும் எனக்கு வரும் என்பதைப் பெண் பார்க்க வந்த எல்லோருக்கும் அம்மா சொல்லிவிடுவாள். ஐப்பசி மழை நாள் ஒன்றில் நான் கூடத்தில் உட்கார்ந்து யாரோ ஒரு வெள்ளைக்கார மதாம் மடத்தில் சொல்லிவைத்திருந்த குழந்தைச் சட்டை ஒன்றைப் பின்னிக்கொண்டிருந்தேன். அம்மாவின் ரவிக்கையைத் தைத்து எடுத்துக்கொண்டு மாமா வந்தார். குடையை மடக்கினவர் அதை ஓரமாக வைக்க மறந்து, என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இதில் எந்த இடத்தில் வெட்டுவாய் என்று கேட்டார்.

"வெட்டறதே இல்ல மாமா. கழுத்து வர்ற எடத்துல கண்ணிய, இந்த நூல் வளையத்த, கொறச்சுக்கிட்டே போவணும், கை வர்ற எடத்துல கூட்டணும். சட்டை தானா வளந்து வரும்."

இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக் கூடமெல்லாம் ஈரமானது. அவர் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் அதே குடையின் கம்பிகளில் இரண்டை உருவி, முனையை அரத்தால் ராவி மழுக்கி, எடுத்துக்கொண்டு வந்து, "எனக்குச் சொல்லிக் குடு பாப்பா" என்றார்.

நாற்பது வயது மனிதருக்கு, தாடி வைத்தவருக்கு, நான் வாத்தியார் ஆனேன். மசேர்கள் என்னைப் படுத்திய பாட்டையெல்லாம் அவர்மேல் தீர்த்துக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். அவ்வளவு மோசமான மாணவரை அந்த மடம் பார்த்திருக்காது. ஊசி என்றதும், குத்தாமல் இருக்க விரலில் அங்குஸ்தானை மாட்டிக்கொண்டு வருவார். கழற்றி வைக்கச் சொன்னால் விரல் அம்மணமாக இருப்பதுபோல் இருக்கிறது என்பார். கை தையல்காரக் கை. ஒவ்வொரு கண்ணியையும் இழுத்து இறுக்கிவிடும். அடுத்த வரிக்கு ஊசி உள்ளே நுழையவே நுழையாது. கண்ணிக்கு மூச்சுவிட இடம் கொடுங்கள் மாமா என்று கத்துவேன். சரி பாப்பா என்பார். அடுத்த கண்ணியை இன்னும் இறுக்குவார். தளர்வாக விட்டால் அது நிற்கும் என்று அவரால் நம்ப முடியவில்லை.

முதலில் பின்னியது ஒரு பட்டை. உள்ளங்கை அகலத்தில் ஆரம்பித்தது. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் தெரியாமல் ஒரு கண்ணியைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். முடிக்கும்போது அது துவாலை அகலத்துக்கு வந்திருந்தது. துணியில் நூலிழை பிசகினால் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவர், தன் மடியில் அது அகன்றதைக் கவனிக்கவில்லை. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு ஒரு குல்லாய். குழந்தைக்கென்று ஆரம்பித்தது, சோற்றுப் பானைக்கு மூடி போடலாம் என்ற அளவில் வந்து நின்றது. மச்சினன் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு அந்த மழைக்காலம் முழுவதும் பெரிய மார்க்கெட்டுக்குப் போய்வந்தான். குரோஷேயில் ஒரு ஜோடிக் காலுறை பின்னினார். ஒன்று குழந்தைக்கு ஆகும், மற்றது குழந்தையின் தாய்மாமனுக்கு ஆகும். ஆனால் அந்தச் சின்னக் காலுறையில் கண்ணிகள் ஒரே சீராக இருந்தன. நான் அதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. அவர் துரைமார் கோட்டுகளைப் பற்றிப் பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த ஒற்றைக் காலுறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாலு நாள் அலைந்தார்.

என் அம்மாவுக்குத்தான் இது பிடிக்கவில்லை. பிறக்காத பிள்ளைக்கு முன்கூட்டியே எதுவும் தைத்து வைக்கக் கூடாது, அதுவும் வழக்கந்தானே, வெட்டக் கூடாது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு இதை விட்டுவிடலாமா என்று ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"நான் எங்கக்கா தைக்கிறேன்? பின்றேன். பின்னக் கூடாதுன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?" என்றார் மாமா.

அம்மா யோசித்துப் பார்த்தாள். அப்படி யாரும் சொன்னதாக அவளுக்கு நினைவு வரவில்லை. எங்கள் முன்னோர் யாரும் கம்பளி பின்னியிருந்தால்தானே சொல்லியிருப்பார்கள். மாமாவுக்குக் காபி கொண்டுவர உள்ளே போனாள்.

அவர் வீட்டில் அப்போது கத்திரி கிடையாது. அரிவாள்மனையைக்கூட எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டார். அத்தை கீரையைக் கையால் கிள்ளினார், அவரைக்காயை முறித்துப் போட்டார். மீனை வீராம்பட்டினத்துக்காரி கூடையோடு வாசலில் உட்கார்ந்து, அரிந்து, கழுவிக் கொடுத்துவிட்டுப் போவாள். மாமா அந்த நேரத்தில் கொல்லைப் பக்கம் போய்விடுவார். இதையெல்லாம் அத்தையிடம் அவர் சொல்லிச் செய்யவில்லை. அத்தையும் ஏன் என்று கேட்கவில்லை. இருவரும் அதைப் பற்றிப் பேசாமலேயே அதைச் சுற்றி நடந்தார்கள்.

பொங்கல் கழிந்த சமயம், மாமாவுக்குக் கை கொஞ்சம் இளகிவிட்டது. சட்டை ஆரம்பிப்பதற்கு முன், பழகிக்கொள்ள ஒரு சின்ன பனியன் பின்னட்டும் என்று மிச்சக் கம்பளியைக் கொடுத்தேன். மூன்றே நாளில் முடித்துவிட்டேன் என்று வந்தார். பார்த்தால் அது பனியன் இல்லை, ஒரு சதுரம். ஓரம் பிசகாத, அழகான சதுரம். கழுத்துக்குக் கண்ணி குறைக்க வேண்டும் என்று எத்தனை தரம் சொன்னேன் மாமா என்று சலித்துக்கொண்டு, அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது அவர் மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தார். அந்தச் சதுரம் மேசைமேல் விரிந்திருந்தது. அதில் சுண்ணக்கட்டியால் கழுத்தும் கைக்குழியும் வரைந்திருந்தது. வளைவு சுத்தமாக இருந்தது. மேசையில் நான் போட்டுவைத்திருந்த சின்னக் கத்திரி அவர் கையில் இருந்தது. கழுத்தை வெட்டி எடுத்திருந்தார். வெட்டின விளிம்பில் கண்ணிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று, ஓட்டை பெரிதாகிக்கொண்டே போயிற்று. அவர் பதறி இழுத்துப் பிடிக்கப் பார்த்தார். இழுக்க இழுக்க இன்னும் கழன்றது.

"கை தானாப் போயிடுச்சு பாப்பா. நான் போவல, கைதான் போச்சு."

எனக்குப் பயமாகிவிட்டது. இது வெறும் பழக்கத் துண்டுதானே, மிச்ச நூலை உருவி மறுபடி பின்னிக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நூலைப் பற்றிப் பேசவே இல்லை. துணியை வெட்டினால் துணி நிற்கும், இது நிற்கவில்லையே, பார்த்தாயா, வெட்டினதும் போய்விட்டதே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். இந்த விஷயம் அத்தைக்குத் தெரிய வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். நான் யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட.

பத்து நாள் போல அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. காலைப் பூசையில் பார்த்தேன். மாதா சுரூபத்தின் முன் மெழுகுவர்த்தி வைத்துவிட்டு, எல்லோரும் போன பிறகும் முழங்காலிலேயே இருந்தார். அப்புறம் ஒரு நாள் வந்து வாசலிலேயே நின்று, சட்டையை ஆரம்பித்துவிடலாமா என்று கேட்டார். குரலில் உயிரே இல்லை.

ஆனால் கை வேறு கையாகிவிட்டது. அதட்டுவதற்கு எனக்கு இடமே கொடுக்கவில்லை. ஒவ்வொரு கண்ணியையும் தளர்வாக விட்டு, விரலால் தடவிப் பார்த்து, அடுத்ததற்குப் போனார். முதுகுப் பக்கம், முன்பக்கம் இரண்டு, கை இரண்டு. இவற்றை ஊசி நூலால்தான் சேர்த்துத் தைக்க வேண்டும் என்று மசேர்கள் சொல்லித் தந்திருந்தார்கள். தையல் கூடாது என்றார். நான் யோசித்து, குரோஷே ஊசியால் இரண்டு விளிம்பையும் கோத்துப் பின்னிச் சேர்க்கக் கற்றுக்கொடுத்தேன். கடைசியில் நூலைக் கத்தரிக்க வேண்டிய இடம் வந்தபோது எழுந்துவிட்டார். நூல்பந்து தொங்கத் தொங்கவே சட்டையைச் சுருட்டி எங்கள் வீட்டுப் பெட்டியில் வைத்தோம். பால் வெள்ளையில், கழுத்தில் சின்னச் சின்ன வளைவுகளோடு, மடத்தில் வைத்தால் மசேர்களே விலைக்குக் கேட்பார்கள். நான் என் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு ஆசையாகக் காத்திருக்கவில்லை.

சித்திரை மாதம், ஒரு பகல் பொழுதில் அத்தைக்கு வலி கண்டது. மருத்துவச்சி தன் கத்தியைத் தானே கொண்டுவந்திருந்தாள். அதைப் பார்த்ததும் மாமா தெருவை விட்டே போய்விட்டார். எல்லாம் முடிந்ததும் அப்பா தேடிக்கொண்டு போய், வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்திருந்தவரைக் கண்டுபிடித்தார். ஆணா பெண்ணா என்று அவர் கேட்கவில்லை. "அழுதுதா?" என்று கேட்டாராம். தெருக்கோடிக்குக் கேட்கும்படி அழுதது என்றார் அப்பா.

பெண் குழந்தை. கறுப்பாக, வாட்டசாட்டமாக இருந்தாள். மாமா வாசற்படியில் நின்று பார்த்தார். தூக்கிக்கொள்ளுங்கள் என்று மருத்துவச்சி நீட்டியபோது, கை சுத்தமில்லை என்று பின்னால் நகர்ந்தார். மறுநாளும் ஏதோ சாக்கு. அதற்கு மறுநாளும் அப்படியே. தாடியையும் எடுக்கவில்லை. அவர் எதற்காகப் பயப்படுகிறார் என்று, அன்று வெட்டியதைப் பார்த்த எனக்கு மட்டும்தான் தெரியும். முந்தின குழந்தையும் இத்தனை நாள் இருந்ததுதானே.

ஞானஸ்நானத்துக்கு என் அம்மாதான் ஞானத்தாய். அன்று காலை நூல்பந்தை அம்மா பல்லால் கடித்துத் துண்டித்து, சட்டையைக் குழந்தைக்குப் போட்டுவிட்டாள். கச்சிதமாக இருந்தது. மாமா தூரத்தில் நின்று பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் கோயிலுக்குப் போனோம். வெளியே அக்கினி நட்சத்திர வெயில் கொளுத்தியது.

அடி பாவிகளா என்று இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. ஐப்பசி மழையில் ஆரம்பித்தவர்கள் நாங்கள். எந்தச் சாத்திரத்தில் குற்றம் வரும், எந்தச் சாத்திரத்தில் வராது என்று எத்தனை பேச்சுப் பேசினோம். குழந்தை சித்திரையில் பிறக்கப் போகிறது, புதுச்சேரியில் பிறக்கப் போகிறது என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. மசேர்கள் தங்கள் ஊர்க் குளிருக்குக் கற்றுக்கொண்டு வந்ததை எனக்குச் சொல்லித் தந்தார்கள், நான் அப்படியே மாமாவுக்குச் சொல்லித் தந்தேன். குழந்தை அந்தக் கம்பளிக்குள் வீறிட்ட வீறலில், சாமியார் செபத்தைத் தொண்டை கிழியச் சொல்ல வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அத்தை குழந்தையை வாங்கி, சட்டையைக் கழற்றினார். நெஞ்சும் முதுகும் சிவந்து, பொரிப் பொரியாகக் கிளம்பியிருந்தது. வேர்க்குருதான். அம்மா அப்படித்தான் சொன்னாள். ஆனால் மாமா அதைப் பார்த்தார், அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"நான் வெட்டிட்டேன்" என்றார். "பொங்கல் கழிஞ்சு. அக்கா வூட்டுல. பழகறதுக்குப் பின்னினத, கை மறந்துபோயி வெட்டிட்டேன். உங்கிட்ட சொல்லல."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அத்தை குழந்தையின் முதுகில் விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். விசிறி நின்றது. பொங்கல் கழிந்து எப்போது என்று கேட்டார். தை முடிவதற்குள் என்றார் மாமா.

அத்தை குழந்தையைப் பார்த்தார். அப்புறம் அவரைப் பார்த்தார். அந்தத் தாடியையும் தலைமுடியையும், ஒவ்வொன்றையும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"தையிலதான் இவ ஒதைக்க ஆரம்பிச்சா" என்றார்.

அத்தைக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைத்துக்கொள்ளாமலே அவர் சொன்னார்: "நல்ல மல்லுத்துணியா எடுத்து இவளுக்கு ஒரு சட்டை வெட்டுங்க. நீங்களே வெட்டுங்க. என் தம்பிகிட்ட குடுத்தீங்கன்னா கை ஒண்ணு எங்கியாவது போவும்."

மாமா எழுந்திருக்கவில்லை. கேட்டது சரிதானா என்று என் அம்மாவைப் பார்த்தார். அம்மா அழுதுகொண்டே தலையை ஆட்டினாள். மச்சினன் ஓடிப்போய்க் கடையிலிருந்து துணியும் கத்திரியும் எடுத்துவந்தான். மாமா கத்திரியைத் தன் வேட்டியில் துடைத்தார். பிறகு குழந்தைக்கு அருகில் குனிந்து, தோளிலிருந்து தோளுக்கு விரலை வைத்து அளந்தார். அதுவரை அவளை அவர் தொட்டதில்லை. அந்த விரலை அவள் பிடித்துக்கொண்டாள். அவர் அப்படியே குனிந்தபடி வெகுநேரம் இருந்தார்.

அப்புறம் தரையில் துணியை விரித்து வெட்டத் தொடங்கினார். அத்தை உள்ளே போகவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து, துணியின் மறுமுனையை நகராமல் பிடித்துக்கொண்டார்.